அடைப்புக்குறி

கரடிப்போக்குச் சந்தியில்
மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடி.
இரண்டு காற்றாடி. அதில் ஒன்று
யாராவது குரலை உயர்த்தினால் தானும் கிரீச்சிடும்.

கூட்டக் குறிப்பு எழுதுவது இன்று என் முறை.

விடயம் ஒன்று: வரியை உள்ளே தள்ளுவது
டேப் விசையாலா, வெற்றிடத்தாலா.
வெற்றிடம் என்றால் எத்தனை?
நிலுக்சி நான்கு என்றாள்.
இரண்டு காணும், இடத்தை வீணாக்காதே என்றான் சாருஜன்,
திரை என்னவோ அவன் பேரில்
உறுதி முடித்த காணி மாதிரி.
ரிஸ்னா வவுனியாவிலிருந்து காணொளியில்.
இணைப்பு விட்டுவிட்டு வந்தது.
அவளுடைய அரைகுறை வசனங்களுக்கு
அவரவர் வசதிக்குக்
காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்
நாங்களே போட்டுக்கொண்டோம்.
ஒருமணி நேரம்.
ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன்.

விடயம் இரண்டு: வரி முடிவில் அரைப்புள்ளி.
போடாவிட்டாலும் ஓடும்தானே என்றான் சாருஜன்.
கதவைத் திறந்துபோட்டுப் படுத்தாலும்
விடியும்தான் என்றாள் நிலுக்சி.
இதைக் குறிப்பில் எழுதவில்லை.
போடுவது என்று முடிவு.

விடயம் மூன்று.
'ஆனால்' என்று தொடங்கும் நிபந்தனைக்குக் கீழே
ஒரேயொரு வரிதான் என்றால்
அதற்கும் அடைப்புக்குறி வேண்டுமா?
பிரணவரூபன், ஒட்டுசுட்டான்,
வேலைக்கு வந்து பதினொரு நாள்:
"ஒத்தை வரிக்கு என்னத்துக்கு வேலி?
கஜீபன் அண்ணைக்கும் லேசு."

காற்றாடி கூடச் சத்தம் போடவில்லை.

கஜீபனின் வலது சட்டைக்கை
முழங்கையோடு மடிந்து ஊசி குத்தியிருக்கும்.
ஐந்து வருடத்தில்
எந்தக் கூட்டத்திலும் அது விடயமாக வந்ததில்லை.
நெளிந்த அடைப்புக்குறி விசைப்பலகையின் வலது ஓரத்தில்.
ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தால்தான் விழும்.
அவன் கணினியில் மட்டும்
ஷிஃப்ட்டை ஒருதரம் தட்டினால்
அடுத்த விசை வரும்வரை அது காத்திருக்கும்.
தட்டு. சின்ன இடைவெளி. தட்டு.
அந்தத் தாளத்தில்தான்
எங்கள் நிரலில் பாதி எழுதப்பட்டது.

"போன மாசம்," என்றான், திரையைப் பார்த்தபடி,
"நெல் கொள்வனவுச் செயலி.
ஈரப்பதம் கூடினால் நெல்லைத் தள்ளு எண்டு
ஒத்தை வரி. குறி இல்லை.
ஆரோ கீழ ரெண்டாவது வரி சேர்த்தினம்.
பார்க்க உள்ளுக்குள்ள இருக்கிற மாதிரித்தான் இருந்தது.
உள்ளுக்குள்ள இல்லை.
காய்ஞ்ச நெல்லுக்காரர் நாற்பத்தொரு பேருக்கும்
'உங்கள் நெல் ஏற்கப்படவில்லை' எண்டு செய்தி போச்சு.
பரந்தனில இருந்து ஒராள்
மூட்டை ஏத்தின உழவு மெசினோட
கீழ வந்து நிண்டவர்.
இறங்கிப் போய்க் கதைச்சது நான்."

பிறகு பிரணவரூபனைப் பார்த்தான். கோபமாக இல்லை.
"ஒரு வரிக்கும் குறி போடு.
எனக்கு எது லேசு எண்டு
கேட்டால் சொல்லுவன்."

"சரி, கை உயர்த்துங்கோ" என்றேன்.
சொன்னதும் நாக்கைக் கடித்தேன்.
ஏன் கடித்தேன்?
ஆளுக்கு ஒரு கைதானே வாக்கு.
கஜீபனுடையது முதலில் உயர்ந்தது.
ரிஸ்னாவின் கை
திரையில் பாதி வழியில் உறைந்து நின்றது.
ஆம் என்றே எண்ணிக்கொண்டேன்.
பிரணவரூபன் கடைசி.
அந்நேரம் பார்த்து மின்சாரம் போனது.

இரவு ரொறன்ரோவிலிருந்து முதலாளி
ஒரு கருவியை ஏற்றிவிட்டார்.
சேமித்தால் போதும்,
எல்லா வரியையும் அதுவே அடுக்கும்.
வெற்றிடம் இரண்டு. பேச்சில்லை.
காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்
ஒரே ஆள் எழுதியவை போலக் கிடந்தன.
சாருஜன் இரண்டு நாள்
தான் வென்றதாகவே நடந்தான்.

முன்பென்றால் பார்த்ததும் சொல்வேன்:
நெருக்கியடித்த வரி சாருஜன்,
பட்டியலின் கடைசிப் பெயருக்கும் காற்புள்ளி நிலுக்சி.
இப்போது கண்ணை மூடினால்தான் தெரிகிறது.
தட்டு. சின்ன இடைவெளி. தட்டு.

நேற்று அதே ஒலி
பிரணவரூபனின் மேசையிலிருந்தும் வந்தது.
எட்டிப் பார்த்தேன்.
ஒரு கையில் பற்றிஸ்.
மறு கையால் அடைப்புக்குறி தேடிக்கொண்டிருந்தான்.

குறிப்பை எல்லாருக்கும் அனுப்பினேன்.
சாருஜனிடமிருந்து மட்டும் பதில் வந்தது:
"மூன்றாம் பந்தியில் ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டிருக்கு"